பெயர் வைப்பதற்குள் போன குட்டி

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாய்க்குட்டி பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று நாங்கள் மூன்று பேரும் சண்டை போட்டோம். சண்டை முடிவதற்குள் குட்டி போய்விட்டது.

மூன்று பேர் என்றால் நான், என் வீட்டுக்காரர், நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா. செஞ்சியில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு நான் மனு அடித்துக் கொடுக்கிறேன். பட்டா மாற்றம், வாரிசு சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கல், எது வேண்டுமானாலும். என் வீட்டுக்காரர் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். நைனா அரசு பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை. இதைச் சொன்னதும் நாய் ஏன் வாங்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களே ஒரு பதிலை வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நாய் வாங்கியது குரங்குக்காக.

சிங்கவரம் போகும் ரோட்டில், மலையடிவாரத்தில் எங்கள் வீடு. கோட்டைக் குரங்குகள் காலையில் டூட்டிக்கு வருவதுபோல வரும். ஒரு நாள் மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நைனாவின் மூக்கிலிருந்து ஒரு குரங்கு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனது. தண்ணீர் டேங்க் மேல் உட்கார்ந்து அதைக் கடித்துப் பார்த்தது. பிடிக்காமல் கீழே போட்டது. நைனாவுக்குக் கண்ணாடி உடைந்தது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. "மூஞ்ச புடிச்சி நிறுத்தி, நிதானமா கழட்டுதும்மா. டாக்டர் மாதிரி" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் திண்டிவனம் ரோட்டில் பைக்கில் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டு நின்ற ஒருவரிடமிருந்து ஒரு குட்டியை வாங்கி வந்துவிட்டார். பழுப்பு நிறம். இரண்டு உள்ளங்கையில் அடங்கியது.

"ஒரிஜினல் லேப்ரடாரு. இதோட அப்பன் போலீஸ்ல இருக்குதாம்" என்றார்.

"யாரு சொன்னது?"

"வித்தவரு. இருவது வருஷமா போலீஸ் குடும்பமாம்."

அப்பன் கவர்மென்ட் சர்வீஸ் என்றதும் நைனாவுக்கு வேறு விசாரணை தேவைப்படவில்லை. கூடவே ஊசி போட்டதற்கு ஒரு கார்டும் கொடுத்திருந்தார்கள். நான் அதை வாங்கி, சீல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பீரோவில் வைத்தேன்.

பிறகு பெயர்ச் சண்டை. குரங்கு பயப்பட வேண்டும், அதனால் 'டைகர்' என்றார் நைனா. என் வீட்டுக்காரர் 'ஃபியூஸ்' என்றார். ஒரு வீட்டில் எது இருக்கிறதோ இல்லையோ அது இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். உரித்த வேர்க்கடலையின் நிறத்தில் இருந்ததால் நான் 'கடலை' என்றேன். குட்டி மூன்று பெயருக்கும் ஓடி வந்தது. குக்கர் விசிலுக்கும் ஓடி வந்தது. யார் கூப்பிட்டு வந்தாலும், அவர் மற்ற இருவரையும் பார்த்து, "பாத்தியா, இதுதான் அதுக்குப் புடிச்சிருக்குது" என்பார். இருபது வருஷ கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அந்த அளவு பேசிக்கொண்டதில்லை.

ஒன்பதாம் நாள் காலை குட்டி பாலைத் தொடவில்லை. மதியம் வாந்தி எடுத்தது. சாயங்காலத்துக்குள் ரத்தமாகப் போனது. அந்த வாசனையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை மூக்கில் ஏறினால் அது போகாது.

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடுவில் நைனா, அவர் மடியில் துண்டில் சுற்றிய குட்டி. அங்கே நோட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார்.

"நாய் பேரு?"

"டைகர்." "ஃபியூஸ்." "கடலை." மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவர் நிமிர்ந்து எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பொறுமையாக எழுதினார்: 'டைகர் (எ) ஃபியூஸ் (எ) கடலை.' திருட்டு வழக்கில்தான் அப்படி எழுதி நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் இளவயதுப் பெண். குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"எத்தன நாள் குட்டின்னு குடுத்தாங்க?"

"அம்பது நாள்" என்றார் நைனா.

"இங்க வந்தே ஒம்போது நாள் ஆவுது, இப்பவே நாப்பது நாள்தான் இருக்கும். ஒரு மாசத்துல தாய்கிட்டேர்ந்து பிரிச்சிட்டாங்க. ஊசி கார்டு இருக்குதா?"

பீரோவிலிருந்து எடுத்து வந்த கார்டைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊசி போட்ட தேதியப் பாருங்கம்மா. அன்னிக்கு இது பொறக்கவே இல்ல."

தினமும் நாற்பது பேருடைய சான்றிதழை வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒரு நாள் பிசகியிருந்தால்கூட ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுக் குட்டியின் கார்டில் நான் சீலை மட்டும்தான் பார்த்தேன். அன்று டாக்டர் முன்னால் தலை குனிந்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"பார்வோம்மா. வைரஸ். டிரிப்ஸ் ஏத்தலாம். பாக்கலாம்" என்றார் டாக்டர். 'பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஆபீஸ்களோடு பழகிய எனக்குத் தெரியும்.

டிரிப்ஸ் மாட்டும் ஸ்டாண்டு ஒரு கன்றுக்குட்டிக்குப் போயிருந்தது. நைனா பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கை வலித்தால் மறு கை. நடுவில் ஒருவர் அவரை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து, "என் ஆட்டுக்கு எப்ப பாப்பீங்க?" என்று கேட்டார். "இந்த ட்ரிப்பு முடியட்டும்" என்றார் நைனா.

வீட்டிலும் ஏற்ற வேண்டும் என்றதால் என் வீட்டுக்காரர் ஒயரிங் பைப்பும் பெண்டும் வைத்து ஒரு ஸ்டாண்டு செய்தார். உயரம் கூட்டிக் குறைக்கலாம். கீழே சக்கரம். அவ்வளவு நேர்த்தியாக அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு சுவிட்சு கூட மாட்டியதில்லை.

பதினோராம் நாள் காலை, நைனா மடியில், "டைகரு, எந்திரிடா. எந்திரி, வண்டி கெளம்பப் போவுது" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது போனது. போனது தெரியாமல் அவர் இன்னும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அந்த ஸ்டாண்டைக் கழற்றிப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் போனில் சொன்னார்: ஆழமாகக் குழி எடுங்கள், சுண்ணாம்பு போடுங்கள், மற்ற நாய்கள் தோண்டாத இடமாகப் பாருங்கள். செஞ்சியில் ஆழமாகக் குழி எடு என்பது சொல்வதற்கு எளிது. எங்கள் ஊரில் கத்தரிச் செடி நட்டாலே பாறை தட்டும். வீட்டுக்காரர் எர்த் குழி தோண்டும் கடப்பாரையை எடுத்து வந்தார். முருங்கை மரத்தடியில் ஒன்றரை அடியில் 'டங்' என்றது. சுவரோரம் தோண்டினார். இரண்டடியில் 'டங்.' மூன்றாவதாகக் கிணற்றடிப் பக்கம் மூன்றடி போனது. அதற்குள் மணி மூன்று, கொளுத்தும் வெயில். குட்டியை என் பழைய பட்டு ரவிக்கைத் துணியில் சுற்றி இறக்கினோம். சுண்ணாம்பைக் கொட்டினோம். நைனா கற்பூரம் ஏற்றி ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். ஏன் எலுமிச்சம்பழம் என்று கேட்டேன். "புது பஸ்ஸுக்கு வெப்போம், அந்தப் பழக்கம்தான்" என்றார்.

இதையெல்லாம் பக்கத்து மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா பார்த்திருக்கிறார். மூன்று குழி, கடப்பாரை, பட்டுத்துணி மூட்டை, வெள்ளைப் பொடி, கற்பூரம், எலுமிச்சம்பழம். கோட்டைக்குக் கீழே வேறு. அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் புதையல் என்றுதான் நினைத்திருப்பேன்.

மறுநாள் காலை கிராம உதவியாளர் வந்துவிட்டார். எனக்குத் தெரிந்தவர்தான்; தினமும் என் கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறவர். ஆனால் அன்று தெரியாதவர்போல நின்றார்.

"இங்க பொதையல் எடுக்கறதா தகவல் வந்துருக்குது."

"நாய்ண்ணே" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரு நாய பொதைக்க எவனாவது மூணு குழி எடுப்பானா?"

"ரெண்டுல பாறை."

"பாறையா, பானை மூடியா?"

அவர் முதல் குழியில் இறங்கி, கடப்பாரையால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாவதிலும் கேட்டார். பிறகு மூடியிருந்த மூன்றாவதைக் காட்டி, "இதத் தோண்டிக் காட்டுங்க" என்றார்.

நைனா போய் அந்த மண்மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருஷம் வண்டி ஓட்டுனேன். ஒரு கோழியக்கூட அடிச்சது இல்ல. இப்ப இதத் தோண்டணும்னா என் மேல ஏறி எறங்கிட்டுத் தோண்டு" என்றார்.

"பெரியவரே, நான் இன்னா பண்ணட்டும்? மேல எழுதியாச்சு. பதில் வெக்கணுமில்ல?"

பதில் என்றதும் எனக்கு மூளை வேலை செய்தது. கடைக்குப் போய், 'தங்கள் நோயாளியான, டைகர் (எ) ஃபியூஸ் (எ) கடலை என்ற நாய்க்குட்டி நோய்வாய்ப்பட்டு இறந்தது உண்மை எனச் சான்று அளிக்க வேண்டி' என்று ஒரு மனு அடித்தேன். என் வாழ்க்கையில் அழுதுகொண்டே அடித்த ஒரே மனு அது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், டாக்டர் படித்தார். சிரிப்பாரோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை. அடியில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்தார். கிராம உதவியாளர் அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மண்மேட்டின் மேல் உட்கார்ந்திருந்த நைனாவிடம் போய், "எழுந்துருங்க பெரியவரே. எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சி" என்றார்.

சான்றிதழ் அரசாங்கத்தைத்தான் நிறுத்தியது, ஊரை நிறுத்தவில்லை. பேசி எத்தனையோ வருஷமான ஒரு சொந்தக்காரர் மண்டகப்பட்டிலிருந்து போன் செய்து, பாகம் எதுவும் கேட்கவில்லை, சும்மா நலம் விசாரிக்கத்தான் என்றார்.

குட்டி விற்றவருக்கு என் வீட்டுக்காரர் போன் போட்டார். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம்.

"அப்டியா சார்? ஒங்க வீட்டு ராசி செரியில்லபோல. அதே தாயி இன்னும் நாலு போட்டுருக்குது. ஒண்ணு எடுத்துக்கங்க."

"மொதல்ல அந்தத் தாயக் காட்டு."

"தாயி டூட்டிக்குப் போயிருக்குது சார்."

அதன் பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவே இல்லை.

இனி வீட்டில் நாய் என்ற பேச்சே கூடாது என்றார் நைனா. நாங்களும் சரி என்றோம். ஆனால் வீடு ஊமையாகிவிட்டது. சாப்பிடுவோம், டிவி பார்ப்போம், படுப்போம். ஒரு நாள் குக்கர் விசில் அடித்தபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினோம். அடுத்த நாள் நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன்: நம்பி ஒரு குட்டி வாங்க வேண்டுமென்றால் யாரிடம் போவது?

"தொண்டூர் பக்கம் ஒரு அம்மா இருக்காங்க. ராஜபாளையம் வளக்கறாங்க. ரொம்ப நல்லா வளக்கறாங்க. ஆனா குடுக்க மாட்டாங்க."

"குடுக்காம எதுக்கு வளக்கறாங்க?"

"போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மாள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ரிடையர் ஆனவர். பணியில் இருந்த காலமெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார். இப்போது மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவில் வீடு, இரண்டு பெண் நாய்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒன்றுக்கு மட்டும்தான் குட்டி. நாங்கள் போன சமயம் ஒன்று போட்டிருந்தது.

கேட்டுக்கு வெளியே ஒரு டப்பில் பிளீச்சிங் தண்ணீர். "பார்வோ வந்த வூடுதான நீங்க? டாக்டரு சொன்னாங்க. செருப்ப வுட்டுட்டு கால நனைங்க. அங்கயே நில்லுங்க, உள்ள வராதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எங்களுக்கு வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு. அவர் வராந்தாவில் ஒரு நாற்காலி. நடுவே ஒரு பஸ் நீளம் தூரம். அந்தத் தூரத்தில் இருந்து கத்திக்கொண்டேதான் எங்கள் நேர்காணல் நடந்தது. நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பகல்ல வூட்ல யாரு?"

"நைனா இருப்பாரு."

"வயசு?"

"எழுவத்தொண்ணு."

"நாயி பன்னெண்டு, பதிமூணு வருஷம் இருக்கும்!"

நைனா எழுந்து நின்றார். "நான் இருக்கறேன்மா! சர்வீஸ்ல ஒரு ட்ரிப்பு கட் பண்ணது இல்ல!" என்று கத்தினார்.

அந்த அம்மாள் ஒரு நீள நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்தப் பொதையல் வூடு நீங்கதானா?" ஆமாம் என்று கத்தினோம். அதையும் குறித்துக்கொண்டார்.

"எதுக்கு நாய் வேணும்னு எழுத்துல குடுங்க. படிச்சிட்டுச் சொல்றேன்."

மனு எழுதுவதுதானே என்று அலட்சியமாக வந்தேன். 'குரங்குத் தொல்லை மிகுதியால்' என்று தொடங்கி ஒரு பக்கம் அடித்துக் கொண்டுபோனேன். எட்ட நின்றே வாங்கிப் படித்தார். "கொரங்குக்குன்னா கவணு வாங்கிக்கங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, 'குடும்பப் பாதுகாப்பு கருதி' என்று ஒன்று. "பாதுகாப்புன்னா பூட்டு இருக்குது" என்றார். எத்தனையோ பேருக்குப் பட்டா வாங்கிக் கொடுத்த கை என்னுடையது. ஒரு நாய்க்குட்டிக்கு இரண்டு மனு தள்ளுபடி.

மூன்றாவது முறை கிளம்பும்போது நைனா ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அங்கே போனதும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பென்சிலில் ஒரே ஒரு வரி: 'அது போனதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சண்டை போடுவதில்லை.'

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "வீடு பாக்க வரேன், புதன்கெழம" என்றார்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பழைய ஆபீஸ் பை. தரையை விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். பிளீச்சிங் எந்த விகிதத்தில் கலந்தோம், எத்தனை நிமிஷம் ஊறவிட்டோம் என்று என்னைக் கேள்வி கேட்டார். காம்பவுண்டு சுவரை டேப் வைத்து அளந்தார். ஹாலில் நின்று மேலே பார்த்து, "ஒயரிங் வேல செய்யறவரு வூட்ல ஒயரு தொங்குது. குட்டி கடிச்சா?" என்றார். என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே வீடு முழுவதும் ஒயரிங்கை மாற்றினார். நான் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கிணற்றடி மண்ணைக் காட்டினோம். குனிந்து பார்த்தார்.

"மண்ணுல இந்த வைரஸு மாசக்கணக்குல கெடக்கும். ஒரு வருஷம் கூட இருக்கும். அதனால ஒங்களுக்கு எட்டு வாரத்துல குடுக்க முடியாது. மூணு ஊசியும் முடிஞ்சி நாலு மாசம் ஆவட்டும். அதுவரைக்கும் புதன்கெழம வந்து வேலிக்கு வெளிய நின்னு பேசுங்க. கொரலு பழகட்டும்."

புதன் ஏன் என்றால், சர்வீஸ் முழுக்கத் தடுப்பூசி போட்ட நாள் புதன். குட்டிகளுக்கும் அதேதான். குழந்தைகளுக்குப் போட்டுவைப்பது போலவே ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு அட்டை. துணித் தூளியில் போட்டுக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார். டாக்டர் வந்து ஊசி போடும்போது, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, எறும்பு கடி" என்பார். நான் புதன்தோறும் கடையை மதியத்துக்கு மேல்தான் திறந்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம், "தடுப்பூசி" என்றேன். இந்த வயதில் நல்ல செய்தியா என்று இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ராஜபாளையத்தில் சில வெள்ளைக் குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்தி, அதன் முதுகுப் பக்கம் நின்று சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் அடித்துப் பார்ப்பார். ஒரு புதன், எங்களுக்கென்று அவர் ஒதுக்கியிருந்த குட்டிக்கு அந்தச் சோதனை. 'டணார்' என்று அடித்தார். குட்டி சட்டென்று திரும்பியது. வேலியில் நானும் வீட்டுக்காரரும் துள்ளினோம். நைனா வேறு பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னொரு முறை அடித்தார். குட்டி திரும்பியது. நைனா திரும்பவில்லை.

"குட்டிக்கி காது சுத்தமா இருக்குது" என்று அட்டையில் டிக் அடித்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒங்க நைனாவ நாளைக்கி ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போ."

ஒரு நாள் கேட்டேன், "ஏம்மா இவ்ளோ கெடுபிடி? கேட்டவங்களுக்குக் குடுத்துட்டா ஒங்களுக்கும் வேல கொறையுமே."

அவர் தாய் நாயின் காதில் உண்ணி பார்த்துக்கொண்டே சொன்னார்: "சர்வீஸ்ல ஒரு வூட்டுக்கு நான் ரெண்டு வாட்டி போனேன். கதவு பூட்டியிருந்துச்சி. மூணாவது வாட்டி போவல. அந்தப் புள்ளைக்கு அம்மை வந்துடுச்சி. புள்ள பொழச்சிக்கிச்சி, இப்ப அதுக்கே புள்ள இருக்குது. ஆனா பூட்டுன கதவு இன்னும் என் கண்ணுலயே நிக்குது." அதன் பிறகு நான் கெடுபிடி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

நான்கு மாதம் முடிந்த புதன் அன்று குட்டியைக் கொடுத்தார். ஒரு ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்: கட்டிப் போடக் கூடாது, விற்கவோ வேறு யாருக்கும் கொடுக்கவோ கூடாது, முடியாமல் போனால் எந்த வயதிலும் அவரிடமே திருப்பித் தர வேண்டும். நான் வரிக்கு வரி படித்தேன். தேதியை மூன்று முறை பார்த்தேன். அவர் ஆமோதித்துத் தலையாட்டினார்.

"பேரு சொல்லுங்க. பேரு இல்லாம அட்டைய முடிக்க மாட்டேன்."

"கடலைன்னு போடுங்க" என்றார் நைனா.

"டைகர்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஃபியூஸ்" என்றேன் நான்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவரவர் பெயரை அவரவர் விட்டுக்கொடுத்திருந்தோம். பழைய குட்டியின் பெயர்களை இதற்கு வைக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. அந்த அம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு, "இன்னிக்கி புதன். புதன்னு எழுதறேன்" என்று எழுதிவிட்டார்.

புதன் பெண் குட்டி. பால் வெள்ளை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த நைனா, ஒவ்வொரு வளைவிலும் டிரைவரிடம், "மெதுவா தம்பி, உள்ள குட்டி இருக்குது" என்றார்.

அட்டையின் பின்பக்கத்தில் அந்த அம்மாள் கையால் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் மலம் எப்படி என்று பார்த்துக் குறிக்க வேண்டும்: கெட்டி, இளக்கம், தண்ணி. ஒரு மாதத்துக்குப் போதும் என்றுதான் சொன்னார். இப்போது எட்டு மாதம் ஆகிறது. நாங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தத் தைரியம் வரவில்லை. கட்டம் தீர்ந்ததும் நான் கம்ப்யூட்டரில் புதிதாக அடித்து ஐம்பது பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். விடிந்ததும் யார் முதலில் போய்ப் பார்ப்பது என்று போட்டி. பார்த்தவர் அங்கிருந்தே, "கெட்டி!" என்று கத்துவார். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் அடுப்பில் டீ ஏறும். ரோட்டில் நடைப்பயிற்சி போகிறவர்கள் ஆரம்பத்தில் நின்று பார்த்தார்கள். இப்போது நிற்பதில்லை.

போன வாரம் ஒரு வேலையாக நான் விடியற்காலையே கிளம்பிக் கடைக்கு வந்துவிட்டேன். பத்து மணி வரை போன் இல்லை. ஒரு பெரியவருக்கு முதியோர் உதவித்தொகை மனு அடித்துக்கொண்டிருந்தேன். கை ஓடவில்லை, அவர் ஊரையே தப்பாக அடித்தேன். பத்தேகாலுக்கு போன் வந்தது. அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன்.

"கெட்டிம்மா!" என்று நைனாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "இன்னிக்கி நல்ல கெட்டி!"

வரிசையில் நின்ற நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர் என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சேதிதானம்மா?" என்றார்.

"நல்ல சேதிதான் பெரியவரே" என்று சொல்லிவிட்டு, அவர் ஊர்ப் பெயரைத் திருத்தினேன்.